பூப்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை
கஞ்சாச் செடியைத் தாக்கும் பூச்சிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கும் வாசகர்கள் கடந்த சில மாதங்களாக அனுப்பிய கடிதங்களுள் பூச்சித் தாக்குதல் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கனடாவில் 2018 அக்டோபர் முதல், மாகாண விதிகளுக்கு உட்பட்டு, ஒரு வீட்டுக்கு 4 செடிகள் வரையிலும், ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவருக்கு 3 செடிகள் வரையிலும் வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவிலோ 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு செடியை வளர்ப்பதும் குற்றம். ஆகவே இப்பதில்கள் சட்டத்தின் அனுமதியோடு வளர்ப்போருக்கு மட்டுமே உரியவை.

கேள்வி: என் செடியின் அடி இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள் தெரிகின்றன. இது மக்னீசியக் குறைபாடு என்று சொல்லி நண்பர் ஒருவர் எப்சம் உப்புக் கரைசல் ஊற்றச் சொன்னார். இரண்டு வாரமாக ஊற்றியும் புள்ளிகள் கூடிக்கொண்டே போகின்றன. வேறு என்ன காரணமாக இருக்கும்?

பதில்: உப்புக் கரைசல் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, புள்ளி விழுந்த இலை ஒன்றைத் திருப்பி, பத்து மடங்காவது பெரிதாக்கும் கைலென்ஸால் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாகவே நிற்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் பட்டை பட்டையாக மஞ்சளிக்கும். அந்த மஞ்சள் இலையின் இரு பாதியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவும். உங்கள் இலையில் இருப்பவை தனித்தனிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஓர் உயிர் வாயை நுழைத்துச் செல்லின் சாற்றை உறிஞ்சிய இடம். பெரும்பாலும் அது இருபுள்ளிச் சிலந்தியாகத்தான் இருக்கும்.

இது பூச்சி இனம் அன்று. எட்டுக் கால்கள் கொண்ட, அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள, சிலந்திக்கு உறவான சிற்றுயிர் (ஆங்கிலத்தில் மைட்). வெளிர் மஞ்சளும் பச்சையும் கலந்த உடலின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு கரும்புள்ளி இருக்கும். லென்ஸ் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். தாளில் விழுந்த தூசுகளை அரை நிமிடம் கவனித்தால், அவற்றுள் சில மெல்ல நகரத் தொடங்கும். நகர்வனவற்றின் மேல் விரலை வைத்து இழுத்தால் தாளில் ஒரு மெல்லிய கோடு விழும். மண்தூசு அப்படி ஈரக்கோடு இழுக்காது.

எப்படி அடையாளம் காண்பது என்று இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெப்பம் 30 பாகையை ஒட்டி, காற்றும் வறண்டிருந்தால், இந்தச் சிலந்தி முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய ஒரு வாரமே எடுக்கும். ஒரு பெண் சிலந்தி தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை இடக்கூடியது. நீங்கள் உப்புக் கரைசல் ஊற்றிய இரண்டு வாரத்தில் அங்கே இரண்டு தலைமுறை கடந்திருக்கும். தவறான மருந்தால் ஏற்படும் கேட்டைவிட, தவறான மருந்தை நம்பிக் காத்திருந்த நாள்களால் ஏற்படும் கேடே பெரிது.

செடி இன்னும் பூக்கத் தொடங்கவில்லை என்றால் நிலைமை கைமீறிவிடவில்லை. மோசமாகத் தாக்கப்பட்ட அடி இலைகளைக் கிள்ளி, பையில் கட்டி, வீட்டுக்கு வெளியே அகற்றுங்கள். பிறகு செடியைச் சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்பக்கம் முழுவதும் நனையும்படி வெறும் தண்ணீரைச் சற்று வேகமாகப் பீய்ச்சுங்கள். சிலந்திகளில் பெரும்பகுதி இதிலேயே அடித்துச் செல்லப்படும். அடுத்து, செடிகளுக்கென விற்கப்படும் பொட்டாசியம் சோப்புக் கரைசலை நான்கு நாளுக்கு ஒருமுறை என மூன்று அல்லது நான்கு முறை தெளியுங்கள். சோப்பு முட்டைகளை அநேகமாக ஒன்றும் செய்யாது. புதிதாகப் பொரித்து வருபவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் அடுத்த தெளிப்பு விழவேண்டும் என்பதற்காகவே இந்த நான்கு நாள் கணக்கு. ஒரே ஒரு முறை தெளித்துவிட்டு, புள்ளி குறையவில்லை என்று மருந்தைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே விழுந்த புள்ளி எந்த மருந்தாலும் மறையாது. புதிய இலைகளில் புள்ளி விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பூக்கத் தொடங்கி ஐந்தாவது வாரம். பூங்கொத்துகளின் நுனியில் மெல்லிய நூலாம்படை தெரிகிறது. எந்த மருந்தைத் தெளித்தால் உடனே போகும்?

பதில்: எதையும் தெளிக்காதீர்கள் என்பதுதான் என் பதில். இந்தப் பகுதியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுவே. மற்ற தோட்டச் செடிகளுக்கும் இதற்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. தக்காளியில் படிந்த மருந்து மழையிலும் கழுவுவதிலும் பெருமளவு போய்விடும்; பழத்தின் தோல் வழவழப்பானது. கஞ்சாப் பூங்கொத்தோ பிசின் சுரக்கும் நுண்ணிய மயிர்களால் மூடப்பட்டது. எண்ணெயோ சோப்போ தூளோ, அதன்மேல் பட்டது அந்தப் பிசினில் ஒட்டி அடுக்குகளுக்கு உள்ளேயே தங்கிவிடும். தங்கியதைச் சமைத்தோ தோலுரித்தோ நீக்க வழியில்லை. பலர் அதை எரித்துப் புகையாகவே நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். வாயால் உண்டால் பாதுகாப்பானது என்று கருதப்படும் ஒரு பொருள், எரிந்த பிறகு என்னவாக மாறுகிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி.

நூலாம்படை தெரிந்துவிட்டது என்றால், அந்தக் கொத்தில் சிலந்திகள் ஆயிரக்கணக்கில் பெருகி, இலையில் இடம் போதாமல் நுனிக்கு ஏறிவிட்டன என்று பொருள். நூலாம்படை படர்ந்த கொத்துகளை வெட்டி அகற்றுங்கள். அவற்றின் உள்ளே இறந்த உடல்களும் தோல்களும் கழிவும் இருக்கும். அவற்றைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. படை ஏறாத கிளைகளில் பெரிய இலைகளை மட்டும் ஈரத்துணியால் அடிப்பக்கம் துடைத்துவிடலாம். அறை வெப்பத்தை 25 பாகைக்குக் கீழே இறக்கினால் சிலந்தியின் பெருக்கம் தெளிவாக மந்தமாகும். ஈரப்பதத்தை உயர்த்தச் சொல்லும் அறிவுரையை இந்தக் கட்டத்தில் ஏற்க வேண்டாம். ஈரம் கூடினால் பூங்கொத்தில் சாம்பல் பூசணம் பிடிக்கும். சிலந்தியைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திகளை விடலாம் என்றாலும், பிசின் நிறைந்த கொத்துக்குள் அவற்றால் எளிதில் நடமாட முடியாது. இவ்வளவும் செய்தும் அடங்காவிட்டால், நல்ல கிளைகளை இரண்டொரு வாரம் முன்னதாகவே அறுத்துக்கொள்வதே மேல். விளைச்சல் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் மருந்து படிந்த முழு விளைச்சலைவிடக் குறைந்த நல்ல விளைச்சலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: இலைகளின் ஓரம் மேல்நோக்கிச் சுருள்கிறது. பளபளப்புப் போய் மங்கலாகத் தெரிகிறது. லென்ஸால் பார்த்தும் பூச்சி எதுவும் இல்லை.

பதில்: உங்கள் லென்ஸ் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்று எழுதவில்லை. நீங்கள் சொல்லும் அறிகுறி, கஞ்சாச் செடியைத் தாக்கும் ஒருவகை நுண்சிலந்தியுடையது. இதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். புழுப்போல் நீண்ட, வெளிர் நிற உடலும், தலைப்பக்கத்தில் இரண்டே இணைக் கால்களும் கொண்டது. வலை பின்னாது, புள்ளியும் விழச் செய்யாது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கைப்பேசியோடு இணைக்கும் சிறிய நுண்ணோக்கியில் அறுபது மடங்கு வைத்து, இலைக்காம்பையும் நடுநரம்பின் ஓரத்தையும் பாருங்கள். கூட்டம் மிகுந்த இடம் தவிட்டுத் தூள் தூவியதுபோல் தெரியும்.

இதே அளவுள்ள இன்னொன்று, மிளகாய் பயிரிடுவோர் நன்கறிந்த மஞ்சள் முரணைச் சிலந்தி. அது குருத்தைப் பிடிக்கும். இளங்குருத்து முறுக்கி, தடித்து, நீர் கோத்ததுபோல் மின்னும். இலை ஓரம் மட்டும் சுருண்டு மங்கினால் முன்னதையும், குருத்தே திருகிப் போனால் பின்னதையும் முதலில் சந்தேகியுங்கள். அதிக வெப்பத்தாலும் இலை ஓரம் மேல்நோக்கி மடியும்; ஆனால் அப்போது விளக்குக்கு மிக அருகில் உள்ள இலைகள் மட்டுமே மடியும், விளக்கை உயர்த்தினால் புதிய இலைகள் சரியாக வரும்.

இரண்டுக்கும் பூக்காத பருவத்தில் நனையும் கந்தகம் நல்ல பலன் தரும். ஆனால் எண்ணெய்த் தெளிப்புக்கும் கந்தகத்துக்கும் இடையே இரண்டு வாரமாவது இருக்க வேண்டும்; 32 பாகைக்கு மேல் வெப்பம் உள்ள நாளில் தெளித்தால் இலை கருகும். பூத்த செடியில் கந்தகம் கூடவே கூடாது.

கேள்வி: தண்டிலும் இலைக்காம்பிலும் பச்சைப் பேன்போல் கூட்டமாக ஒட்டியிருக்கின்றன. இலைகள் பிசுபிசுக்கின்றன. எறும்புகளும் ஏறுகின்றன. எறும்பைக் கொன்றால் போதுமா?

பதில்: எறும்பு உங்கள் செடியைத் தின்ன வரவில்லை. நீங்கள் பார்ப்பது அசுவினி. அது சாற்றை உறிஞ்சி, மிகுதியான இனிப்பைத் தேன்போன்ற கழிவாக வெளியேற்றும். அந்த இனிப்புக்காகவே எறும்பு வருகிறது. வந்ததோடு நில்லாமல், அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவையும் விரட்டுகிறது. ஆகவே எறும்பைத் தடுப்பதும் பாதி வேலை என்றே சொல்வேன். தொட்டியின் கால்களைச் சோப்புத் தண்ணீர் நிரப்பிய தட்டில் வைத்தாலே எறும்பு ஏறுவது நின்றுவிடும்.

அசுவினியில் கஞ்சாச் செடியை மட்டுமே சார்ந்து வாழும் ஒரு வகை உண்டு. கோடையில் அதன் பெண்கள் ஆணில்லாமலே, முட்டையிடாமல் குட்டிகளை ஈனும். பிறக்கும் குட்டியின் வயிற்றில் அடுத்த தலைமுறை ஏற்கெனவே வளரத் தொடங்கியிருக்கும். ஒன்று இரண்டாக இருந்தவை பத்து நாளில் தண்டை மூடிவிடுவதன் காரணம் இதுதான். தழைச்சத்து மிகுதியாகக் கொடுத்த, கரும்பச்சையாகக் கொழுத்த செடிகளில் இவை இன்னும் வேகமாகப் பெருகும். எனவே தழைச்சத்து உரத்தையும் சற்றுக் குறையுங்கள்.

விரலால் தேய்த்து நசுக்குவது, தண்ணீர் பீய்ச்சுவது, பிறகு சோப்புக் கரைசல் என்ற வரிசையே போதும். செடியில் உப்பிய, பழுப்பு நிறமான, அசையாத அசுவினிகள் தென்பட்டால் அவற்றை நசுக்கிவிடாதீர்கள். அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது. சில நாள்களில் முதுகில் வட்டமாக ஒரு துளையிட்டுக் குளவி வெளியே வரும். அப்படி உப்பிய உடல்கள் நிறைய இருந்தால், நீங்கள் ஒன்றும் செய்யாமல் ஒரு வாரம் பொறுத்திருப்பதே சிறந்த மருத்துவம்.

கேள்வி: தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மண்ணிலிருந்து சின்னக் கொசுக்கள் பறக்கின்றன. இவை செடியைக் கடிக்குமா?

பதில்: பறப்பவை கடிக்காது. இவை பூஞ்சைக் கொசுக்கள். கெடுதி செய்வது மேல்மண்ணில் இருக்கும் அவற்றின் புழு. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உடலும் கருந்தலையும் கொண்டது. பச்சை உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி மண்மேல் வைத்து மறுநாள் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்றுப் பருவத்தில் இளவேரைக் கடித்துச் செடியை வாடச் செய்யும்; வளர்ந்த செடிக்குப் பெரிய இடையூறு இல்லை.

இந்தக் கொசு ஒரு செய்தியைச் சொல்கிறது: நீங்கள் தேவைக்கு மேல் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மேலே இரண்டு அங்குல மண் உலர்ந்த பிறகே அடுத்த தண்ணீர் என்று பழகினால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். கொசுப்புழுவைக் கொல்லப் பயன்படும் இஸ்ரேலென்சிஸ் வகைப் பாக்டீரியாத் தூளைத் தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றலாம். இது பூவைத் தொடாது. மஞ்சள் ஒட்டுப்பொறி பறப்பவற்றைப் பிடிக்கும், ஆனால் அதை மருந்தாக நம்பாமல், எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: மண் உலர்ந்த பிறகும் செடி சோர்ந்தே இருந்தால், செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து வேரைப் பாருங்கள். வெண்தூள் படிந்த வேரில் வேர் அசுவினி உட்கார்ந்திருக்கக்கூடும். ஒட்டுப்பொறியில் சிக்கிய சிறகுள்ள வேர் அசுவினியைப் பூஞ்சைக் கொசு என்று எண்ணி ஏமாறுபவர்கள் பலர். அசுவினியின் பின்புறத்தில் இரு சிறு குழாய்போன்ற உறுப்புகள் இருக்கும், கொசுவுக்கு இல்லை.

கேள்வி: இலையின் மேல் வெள்ளிக் கோடு இழுத்ததுபோலத் தழும்புகள், நடுவில் கரும்புள்ளிகள். இது நோயா?

பதில்: இலைப்பேன். கரும்புள்ளிகள் அதன் கழிவு. சிலந்தி குத்திய இடத்தில் புள்ளி விழும். இலைப்பேன் சுரண்டி உறிஞ்சுவதால் தழும்பு நீளும். அதன் கூட்டுப்புழுப் பருவத்தின் பெரும்பகுதி மண்ணில் கழிவதால், இலைக்கு மட்டும் மருந்து தெளித்தால் மீண்டும் மீண்டும் வரும். இலைக்குச் சோப்புக் கரைசல், மண்ணுக்குப் பூச்சிகளைத் தின்னும் நூற்புழு, கண்காணிப்புக்கு நீல ஒட்டுப்பொறி என மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: வெளியில் நிற்கும் செடி. நன்றாகத் திரண்ட பூங்கொத்தில் ஒரே ஒரு சிற்றிலை மட்டும் காய்ந்து பழுப்பாகி, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் அழுகல். பூச்சி ஏதும் பறக்கவில்லை. இது பூசண நோய்தானே?

பதில்: அழுகல் பூசணத்தால்தான், ஆனால் பூசணத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது வேறொன்றாக இருக்கலாம். அந்தக் கொத்தை அகலமாக விரித்து, தண்டோடு ஒட்டிய பகுதியைப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய, பச்சையும் கருமையுமான உருண்டைகள் தெரிந்தால் அது புழுவின் எச்சம். இன்னும் சற்றுக் கீழே பிரித்தால், நீங்கள் பார்த்த காய்ந்த சிற்றிலையின் காம்படியைத் தின்றுவிட்டு, அடுத்த அடுக்குக்குள் சுருண்டு கிடக்கும் புழுவையே காணலாம். சிற்றிலை தனியாகக் காய்வதும், இழுத்தால் கையோடு வருவதும் இதன் அடையாளமாக இருக்கலாம்; எச்சமோ புழுவோ தெரிந்தால்தான் உறுதி.

துவரையிலும் தக்காளியிலும் பருத்தியிலும் நாம் பார்க்கும் பச்சைக் காய்ப்புழுவும் அமெரிக்கக் கண்டத்தில் அதன் உறவினமான சோளக் கதிர்ப்புழுவும் கஞ்சாப் பூங்கொத்தை விரும்பித் தேடி வருபவை. தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து முட்டைகளைத் தனித்தனியாக ஒட்டிச் செல்லும். பகலில் நீங்கள் எதையும் பார்க்க முடியாது. பொரித்த புழு ஓரிரு நாள் வெளியே மேய்ந்துவிட்டு உள்ளே புகுந்துவிடும். உள்ளே புகுந்த பிறகு அது தின்னும் அளவு பெரிதன்று. அது விட்டுச்செல்லும் காயமும் ஈரமான எச்சமும்தான் பெரிய தீங்கு. அந்த ஈரத்தில் சாம்பல் பூசணம் முளைத்து, ஒரு புழு நுழைந்த கொத்து முழுவதையும் சில நாள்களில் அழுகச் செய்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: அழுகிய பகுதிக்குக் கீழே, நல்ல திசு தெரியும் வரை, இரண்டு விரற்கடை கூடுதலாக வெட்டி நீக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரிக்கோலைச் சாராயக்கரைசலால் துடையுங்கள். மற்றக் கொத்துகளை அந்தி சாய்ந்த பிறகு கைவிளக்கோடு பாருங்கள். புழு அப்போது மேலே வரும், கையால் பொறுக்கிவிடலாம். நான்கு செடி வளர்ப்பவருக்கு இதைவிடத் துப்புரவான முறை கிடையாது. பெரிய தோட்டத்தில் இயலாத இந்தக் கைவேலை உங்களுக்கு இயலும் என்பதே உங்கள் வலிமை.

அடுத்த பருவத்துக்கு: பூ அரும்பத் தொடங்கும்போதே, குர்ஸ்டாக்கி வகை பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாக் கரைசலை மாலை வேளையில் தெளியுங்கள். இது புழு தின்றால் மட்டுமே வேலை செய்யும். சிறு புழுக்களுக்கே நன்றாகப் பலிக்கும். வெயிலில் சில நாளிலேயே வலுவிழக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தேவைப்படும். கொத்து திரண்டபின் இதையும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக மாலையில் செடிமேல் நுண்ணிய கண் வலையைப் போர்த்தி, விடிந்ததும் எடுத்துவிட்டால் அந்துப்பூச்சி முட்டையிட வழியே இருக்காது.

கேள்வி: வேப்பெண்ணெயை எந்த அளவில் கலக்க வேண்டும்? பாத்திரம் துலக்கும் சோப்பைச் சேர்க்கலாமா?

பதில்: ஒரு லிட்டர் இளஞ்சூடான தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்கு 1 அல்லது 2 மில்லி பொட்டாசியம் சோப்பு. முதலில் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பிறகு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். பாலாக வெளுத்தால் சரியாகக் கலந்தது. அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். பாத்திரம் துலக்கும் திரவங்களில் பல உண்மையில் சோப்பே அல்ல. அவற்றில் உள்ள கொழுப்பு நீக்கிகளும் மணப்பொருள்களும் இலையின் மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடும்.

எப்போது தெளிப்பது என்பது அளவைவிட முக்கியம். என் மிளகாய்த் தொட்டிகளுக்கு ஒருமுறை நடுப்பகலில் வேப்பெண்ணெய் தெளித்தேன். மாலைக்குள் நடுப்பகுதி இலைகள் எண்ணெயில் பொரித்ததுபோல் ஊடுருவித் தெரிந்தன. மூன்றாம் நாள் உதிர்ந்தன. அதிலிருந்து, ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்க்காமல் முழுச்செடிக்கு நான் எதையும் தெளிப்பதில்லை. வீட்டுக்குள் வளர்ப்போர் விளக்கு அணையும் நேரத்தில் தெளித்து, இலை உலரும்வரை விசிறியை ஓடவிடுங்கள். முதல் பூநரம்பு, அதாவது அரும்பிலிருந்து நீளும் வெண்ணிற இழை, தெரிந்த நாளோடு வேப்பெண்ணெயை எடுத்து வைத்துவிட வேண்டும். இயற்கையானது என்பதால் பூவில் பட்டாலும் தீங்கில்லை என்று நினைப்பது தவறு. எண்ணெய் பூவிலேயே தங்கி, கசப்போடு எரியும்.

கேள்வி: ரோஜாச் செடிக்கு வாங்கிய மருந்து வீட்டில் மீதம் இருக்கிறது. பூச்சிக்கும் பூசணத்துக்கும் இரண்டுக்கும் ஆகும் என்று புட்டியில் போட்டிருக்கிறது. ஒருமுறை மட்டும் தெளித்தால் என்ன ஆகும்?

பதில்: அருள்கூர்ந்து அதைச் செய்ய வேண்டாம். ரோஜாவை யாரும் புகைப்பதில்லை; அந்த மருந்தின் பாதுகாப்பு அளவுகள் எரித்துப் புகைப்பதை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை அல்ல. ரோஜா மருந்துகள் சிலவற்றில் மைக்ளோபியூட்டானில் என்னும் பூசணக்கொல்லி சேர்க்கப்படுகிறது. அது எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு உண்டாகக்கூடும். கனடாவில் 2016-இலும் 2017-இலும் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களின் கஞ்சாப் பொருள்கள் இந்த மருந்தின் எச்சம் இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. நோயாளிகள் மருந்தாக வாங்கிய பொருளில் அது இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகளும் இப்படித்தான். வேரில் ஊற்றினாலும் சாற்றோடு ஏறிப் பூ வரை செல்லும். கழுவி நீக்கவும் முடியாது. ஏற்கெனவே தெளித்துவிட்டீர்கள் என்றால், அந்தச் செடியின் பூவைப் பயன்படுத்தாமல் அகற்றிவிடுங்கள். இதில் இடைவழி ஒன்றும் நான் அறியேன்.

கேள்வி: இரைவிழுங்கிச் சிலந்திகள் அஞ்சலில் கிடைக்கின்றன. வாங்கி விடுவது பயன் தருமா? அவை பூவில் தங்கிவிடாதா?

பதில்: சரியான நேரத்தில் விட்டால் மருந்தைவிட மேலானவை. ஃபைடோசியூலஸ் என்னும் செம்மஞ்சள் நிறச் சிலந்தி, இருபுள்ளிச் சிலந்தியின் குடும்பத்தை மட்டுமே தின்னும்; ஒரு நாளில் ஐந்து முதிர்ந்தவற்றையோ இருபது முட்டைகளையோ தீர்த்துவிடும். இரை தீர்ந்ததும் தானும் பட்டினியால் மடியும் அல்லது வேறிடம் போகும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அதன் முட்டைகள் பொரிக்காமல் காயும். வறண்ட அறைக்கு நியோசியூலஸ் கலிஃபோர்னிக்கஸ் பொருத்தமானது. இரை குறைந்தாலும் மகரந்தத்தைத் தின்று சில காலம் தாக்குப் பிடிக்கும்.

பலர் செய்யும் பிழை, செடி வெளுத்து வலை கட்டியபின் வாங்கி விடுவது. ஆயிரம் பகைக்கு நடுவே ஐம்பது காவலரை இறக்குவது போன்றது அது. இலைகளில் முதல் சில புள்ளிகள் தெரியும்போதே விடுங்கள். விடுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் எண்ணெயோ, செவ்வந்தி வகைப் பூவிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லியான பைரித்ரினோ தெளித்திருக்கக் கூடாது. இரண்டும் நல்லவற்றையும் சேர்த்துக் கொல்லும். அறுவடை நெருங்கும்போது புதிதாக விடாமலிருந்தால் பூவில் தங்கும் எண்ணிக்கை மிகக் குறைவே.

கேள்வி: அடுத்த முறை இதெல்லாம் வராமலிருக்க முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பதில்: வீட்டுக்குள் வளர்ப்போரைப் பொறுத்தவரை, பூச்சிகளில் பெரும்பகுதி பறந்து வருவதில்லை, நாமே தூக்கிக்கொண்டு வருகிறோம். நண்பர் கொடுத்த வேரூன்றிய தண்டுத் துண்டுதான் முதல் வாயில். எவ்வளவு நம்பிக்கையானவர் கொடுத்தாலும் அதை வேறு அறையில் மூன்று வாரம் தனியே வைத்திருங்கள்; முட்டையாக வந்தது எதுவாயினும் அதற்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேறு அறை இல்லையென்றால் விதையிலிருந்தே தொடங்குங்கள். இரண்டாவது வாயில் நம் உடையும் கையும். தோட்டத்தில் வேலை செய்த சட்டையோடு வளர்ப்புக் கூடாரத்துக்குள் கை நீட்டுவதை நிறுத்துங்கள். ஒரு சுற்று அறுவடை முடிந்ததும் பழைய மண்ணையும் உதிர்ந்த இலையையும் முழுவதும் வெளியேற்றி, கூடாரத்தின் தையல் மடிப்புகளைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். விளக்கு நேரம் குறையும்போது இருபுள்ளிச் சிலந்தியின் பெண்கள் செம்மஞ்சள் நிறம் ஏறி, தின்பதையும் முட்டையிடுவதையும் நிறுத்தி, அந்த மடிப்புகளுக்குள் போய் உறங்கும். அடுத்த செடிக்கு விளக்கைக் கூட்டி எரித்தவுடன் எழுந்து வருபவை அவைதாம்.